தோல் வைத்த பிரேக்

கார்களைப் பற்றி எழுத எனக்கு எந்த உரிமையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கச் சொன்னால் வேர்த்துப்போகும். ஆனால் போன மாதம் என் தம்பி கார் வாங்கப் போனபோது துணைக்கு என்னையும் அழைத்துப்போனான். கடைப் பையன் பிரேக்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். நான் திடீரென்று, "உள்ள இருக்கிற வாஷர் ரப்பர்தானேப்பா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பையன் சிரித்துவிட்டான். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். ஏன் அப்படிக் கேட்டாய் என்று வழியெல்லாம் துளைத்தான். அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது இருக்கும். நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். அப்பா தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் குமாஸ்தா. அம்மா ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்தாள். கட்டுப் போட்டுக் கிடப்பவர்களைத் தூக்கி உட்காரவைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, துடைத்துவிடுவது எல்லாம் அவள் வேலை. தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு போய்விட்டது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். கண்டக்டர் விசில் ஊதுவான். பிறகுதான் கால் நகரும்.

அப்பாவின் ஷாப் கொட்டகையில், உப்புத் தோல் அடுக்குகளுக்குப் பின்னால், ஒரு பழைய கார் கிடந்தது. முதலாளியின் தகப்பனார் காலத்தில் கப்பலில் வந்த கறுப்புக் கார். உருண்ட மூக்கு, தவளைக் கண் விளக்குகள். பின்சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. இடம் அடைக்கிறது என்று முதலாளி ஒருநாள் எரிச்சல்பட்டபோது அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றாராம். "வேணும்னா எடுத்துக்கினு போய்யா" என்று முதலாளி கொடுத்துவிட்டார்.

கார் வந்த அன்று தெருவே கூடியது. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "நாத்தம் கொடலைப் புடுங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஓடியது. அதுவரைக்கும் ஆச்சரியம்தான். ஆனால் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் நம் பற்கள் ஒன்றோடொன்று மோதின. பிரேக்கை மிதித்தால், அது யோசித்துப் பார்த்துவிட்டு அடுத்த தெருவில் பிடித்தது. வெளிநாட்டு வண்டி என்பதால் சாமான் கிடைக்கவில்லை. அப்பாவும் மாமாவும் மெட்ராஸ் புதுப்பேட்டை வரை போய்ப் பழைய இரும்புக் கடைகளில் தேடிவிட்டு, பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்கள்.

மாமா, அம்மாவின் தம்பி. ஷூ கம்பெனியில் அடித்தோல் வெட்டும் பிரிவில் இருந்தார். எங்கள் ஊரில் எது ஆடினாலும், எது கசிந்தாலும், எது கிறீச்சிட்டாலும் ஒரு தோல் துண்டில் வந்து முடியும். மேசை ஆடினால் அடியில் தோல். கதவு அடித்துக்கொண்டால் சந்தில் தோல். குழாய் ஒழுகினால் மரைக்குள் தோல். மற்ற ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு வெகுநாள் தெரியாது.

முதலில் சக்கரங்களுக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றினார்கள். உடைந்த பட்டைக்குப் பதிலாக ஒரு பழைய ஜீப்பின் பட்டையைப் பட்டறையில் வெட்டிச் சேர்த்தார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே எண்ணெயில் ஊறிய தோலை வைத்துக் கட்டினார் மாமா. ஓட்டை வேன் ஒன்றிலிருந்து ஷாக் அப்சார்பர்கள் வந்தன. அவற்றை மாட்ட இடம் இல்லாததால் இடத்தைப் பற்றவைத்து உண்டாக்கினார்கள். தூசி வராமல் இருக்கக் கதவுகளைச் சுற்றியும் தோல் வார் ஒட்டினார் மாமா. அதிலிருந்து கதவுகள் ஒரே இறுக்கம். உள்ளே உட்கார்ந்து இரண்டு கையாலும் பலமாக இழுத்தால்தான் சாத்த முடியும். நான் இழுத்தால் அசையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் சோதனை ஓட்டம். அப்பா ஒரு சொம்பில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பிப் பின்சீட்டில் இடது பக்கமாக வைப்பார். எப்போதும் இடது பக்கம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது கேட்பார்.

"சிந்துச்சா?"

"சிந்திடுச்சுப்பா."

திரும்ப வந்து மாமாவோடு காருக்கு அடியில் படுத்துக்கொள்வார். சில வாரம் கழித்து ஒருநாள் கேட்டைத் தாண்டினோம். தண்ணீர் லேசாகத் தளும்பியது, சிந்தவில்லை. அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி வந்து சொம்பை எட்டிப் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரை அவரே குடித்தார். அப்பாவுக்கு ஏன் ஒரு சொம்புத் தண்ணீர் மேல் இவ்வளவு அக்கறை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஸ்பிரிங்கில் ஜெயித்த தோல் மாமாவைச் சும்மா இருக்கவிடவில்லை.

பிரேக்கை மிதித்தால் எண்ணெய் ஒரு குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போய் அழுத்தும். அந்த எண்ணெய் கசியாமல் தடுக்க உள்ளே குட்டிக் கிண்ணம் மாதிரி ரப்பர் வாஷர்கள் இருக்கும். எங்கள் காரில் அவை வெடித்துப்போயிருந்தன. அந்த அளவில் புதியது எங்கும் இல்லை.

"மச்சான், சைக்கிள் பம்புல இன்னா இருக்கு? தோல் வாஷர்" என்றார் மாமா. "தெருவுல அடிக்கிற பம்புல இன்னா இருக்கு? தோல் வாஷர். ஊரே தண்ணி குடிக்குது. உன் கார் மட்டும் இன்னா, பெரிய லாட்டா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். கொஞ்சம்தான்.

மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலை மாமா கொண்டுவந்தார். அதுதான் அச்சில் வைத்தால் சொன்ன பேச்சு கேட்கும். விளக்கெண்ணெயில் ஊறவைத்து, மர அச்சில் அழுத்திக் காயவைத்து, ஓரத்தைச் சீவினார். பார்க்க அழகாக இருந்தன. எனக்கு ஒன்று சொப்புச் சாமானோடு வைத்து விளையாடக் கொடுத்தார். மெக்கானிக் பாய் அவற்றைப் பொருத்திவிட்டு, பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறையாக மிதித்துப் பார்த்தார். ஒரு சொட்டு கசியவில்லை.

"அரே, ரப்பரவிட ஜோரா புடிக்குது! எனக்கும் நாலு செஞ்சு குடு தோஸ்த்" என்றார் பாய்.

அம்மாவுக்கு விஷயம் அன்று சாயங்காலம் தெரிந்தது. நான்தான் சொப்புக் கிண்ணத்தைக் காட்டினேன்.

"செருப்புத் தோலை நம்பியா எம் புள்ளைய ஏத்துவீங்க?" என்றாள். "எங்க வார்டுக்கு ஒருநாள் வந்து பாருங்க. காலைத் தூக்கிக் கட்டிக்கினு தொங்குறாங்களே, அவங்க அத்தினி பேரும் பிரேக் புடிக்கும்னு நம்புனவங்கதான்."

"உனக்கு இன்னா தெரியும் மெஷினைப் பத்தி?" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

பேச்சில்லை என்றால் செய்தி இல்லை என்று அர்த்தமில்லை. செய்திகள் என் வழியாகப் போயின. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா. அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். "அப்பா, அம்மா சாப்பிட வரச் சொல்றாங்க." "அம்மாகிட்ட சொல்லு, கொழம்பு கொஞ்சம் ஊத்தச் சொல்லி." "அம்மா, கொழம்பு ஊத்தணுமாம்." இப்படியே கிறிஸ்துமஸ் வந்து போனது. புதுவருஷ வாழ்த்தைக்கூட நான்தான் இருபுறமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு இது கஷ்டமாகவே இல்லை. சொல்லப்போனால் பெருமை. கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை நான். இப்போது நான் இல்லாமல் வீட்டில் உப்புக்கூடக் கைமாறாது.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மாவின் பேரனுக்கு ஞானஸ்நானம். பெரியம்மா, ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். மலைக்குப் போகும் காலை பஸ்ஸை அம்மா ராத்திரி ஷிப்ட் முடிந்து வருவதற்குள் தவறவிட்டோம். கூடப்பிறந்த அக்கா வீட்டு விசேஷம், போகாமல் இருக்க முடியாது. அம்மா புடவையை மாற்றிக்கொண்டு வந்து காருக்கு முன்னால் நின்றாள்.

"அப்பாகிட்ட சொல்லு, நான் வர்றேன்னு. வேற வழி இல்லாமதான் வர்றேன்னு சொல்லு."

இரண்டையும் சொன்னேன். முன்சீட்டில் உட்காராமல் என்னோடு பின்னால் ஏறினாள். இடது பக்கம்.

வாணியம்பாடி தாண்டுவதற்குள் அம்மா தூங்கிவிட்டாள். பஸ்ஸில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அப்பா கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்த்தார். மலை ஏறும்போதும் கார் ஒழுங்காகவே இருந்தது. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. பாதி மலையில், ஒரு கொண்டை வளைவில், கொள்ளுச் செடிகளை அறுத்துக்கொண்டுவந்து ரோட்டில் மெத்தை மாதிரி பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறினால் நெற்று உடைந்து கொள்ளு உதிரும். பாறையை ஒட்டிப் பெரிய குவியல் ஒன்று. அப்பா தயங்கி நிறுத்தப் பார்த்தார். முக்காடு போட்ட ஒரு பெண் கையை ஆட்டினாள்.

"ஏத்து சார், ஏத்து! நல்லா மெரிச்சிக்கினு போ!"

அந்தச் சத்தத்தில் அம்மா கண் விழித்துப் பார்த்தாள்.

ஞானஸ்நானம் நன்றாக நடந்தது. சாப்பிட்டோம். வெயில் சாய ஆரம்பித்ததும் கிளம்பினோம்.

இறக்கத்தில் அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. கியரைக் குறைத்து இறக்க வேண்டும் என்பது மலை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அப்பா ஆம்பூர் பஜாரில் ஓட்டிப் பழகியவர். கொஞ்ச தூரத்தில் தீய்ந்த வாடை வந்தது. மயிர் பொசுங்குகிற மாதிரி, அடுப்பில் செருப்பு விழுந்த மாதிரி.

"அப்பாகிட்ட சொல்லு, மெதுவாப் போகச் சொல்லி" என்றாள் அம்மா.

"அப்பா, அம்மா மெதுவாப் போகச் சொல்றாங்க."

"அம்மாகிட்ட சொல்லு..." என்று அப்பா ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். அவர் கால் வேகவேகமாக மிதிப்பது தெரிந்தது. தட் தட் என்று தரையில் மோதுகிற சத்தம். பிறகு, தலையைத் திருப்பாமல், எனக்குச் சொல்வதாக இல்லாத ஒரு குரலில் சொன்னார்.

"பிரேக் இல்ல."

நான் என் வேலையைச் செய்தேன். "அம்மா, பிரேக் இல்லன்னு அப்பா..."

"கேட்டுச்சு" என்றாள் அம்மா.

சக்கரத்துக்குள் என்ன நடந்தது என்பது பிற்பாடு பாய் கழற்றியபோது தெரிந்தது. பட்டைத் தோல் கொதிக்கிற சூட்டைத் தாங்காது. சுருங்கிவிடும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஷாப்புகளில் தோல் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்ப்பது தினசரி நடப்பு. மாமாவே எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறார். பிரேக் மிதித்தால் சக்கரம் சூடாகும் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வாஷர்கள் கருகிச் சுருங்கிக் கிராம்பு அளவுக்கு ஆகியிருந்தன. எண்ணெயெல்லாம் ரோட்டில் போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

அப்பா கியரைக் குறைக்க முயன்றார். கார் ஒருமுறை அலறியது. வேகம் கொஞ்சம் அடங்கி, மறுபடி கூடியது. வலது பக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

அம்மாவும் அப்பாவும் பேசினார்கள். அவரும் அவளும், நேராக. நான் இவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"கொள்ளு போட்டிருந்தாங்களே, எவ்ளோ தூரம்?" என்றாள் அம்மா.

"அடுத்த வளைவுதான். அதுல ஏறுனா கொஞ்சம் கம்மியாகும். அந்த நேரத்துல புள்ளையத் தூக்கிக்கினு குதிச்சிடு."

"நீங்க?"

"ஸ்டியரிங்க விட்டா பள்ளம்தான். நீ குதி."

அம்மா தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். காற்று திமுதிமுவென்று உள்ளே வந்தது. குழந்தைக்குப் போர்த்த எடுத்துப்போன சால்வையை என் தலையோடு சேர்த்துச் சுற்றினாள். என்னைத் தூக்கினாள். பெரிய பெரிய ஆட்களைத் தூக்கிய கை அது. கட்டிப்பிடித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

கார் கொள்ளில் ஏறியது. சரசரவென்று சத்தம். ஏதோ பின்னாலிருந்து இழுத்த மாதிரி ஒரு தயக்கம்.

அம்மா என்னை வெளியே எறிந்தாள்.

விழுந்தது குவியலில். மூக்கு, வாய், காது எல்லாம் கொள்ளுச் சருகு. சால்வையைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது கார் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. திறந்திருந்த கதவு சாத்திக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு கார் இல்லை. ரோடு மட்டும் இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. முக்காடு போட்ட அந்தப் பெண் ஓடிவந்து என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னா பாப்பா? எங்கேர்ந்து வுழுந்த? யார் தள்ளுனது?"

எங்க அம்மா என்று எப்படிச் சொல்வது?

அப்போது கீழே இரும்பு பாறையில் உரசுகிற சத்தம் கேட்டது. நீளமாக, நிறுத்தாமல். பிறகு ஒரு இடி. அதன் பிறகு ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. அந்தப் பெண் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். "மாரியாத்தா, மாரியாத்தா" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். நான் அவள் தோளை இறுக்கப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா காரைப் பாறைப் பக்கமாகவே உரசிக்கொண்டு போயிருக்கிறார். ஓரத்து வாய்க்காலில் முன்சக்கரம் இறங்கி, மண்மேட்டில் மூக்கு புதைந்து நின்றிருந்தது. தவளைக் கண்ணில் ஒன்று இல்லை. அப்பாவும் அம்மாவும் ரோட்டோரத்தில், வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து கன்னம் வரை வந்திருந்தது. அப்பா தன் வேட்டி நுனியால் அதை அழுத்திப் பிடித்திருந்தார். அவருடைய இன்னொரு கை மடியில் கோணலாகக் கிடந்தது. அம்மா திட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்து, மூச்சு விடாமல்.

"இவ்ளோ தூரம் வந்தேனே, இடுப்பு ஒரு எடத்துல வலிச்சுதா? நீங்களே சொல்லுங்க, வலிச்சுதா? தூங்கிக்கினு வந்தேனா இல்லையா? அதோட வுட்டிருக்கக் கூடாதா? பிரேக்க யார் தொடச் சொன்னது? யார் சொன்னது உங்களுக்கு?"

"வலிக்கலயா?" என்றார் அப்பா.

"இப்ப அதா கேள்வி?" என்று அம்மா கத்தினாள். பிறகு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

நான் அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து இறங்கி நின்றேன். அவர்கள் உடனே என்னைப் பார்க்கவில்லை. பார்த்ததும் அம்மா எழுந்து ஓடிவந்து என்னை வாரிக்கொண்டாள். கை, கால், தலை, விலா என்று ஒவ்வொரு எலும்பாக அழுத்திப் பார்த்தாள். முழங்காலில் சிராய்ப்பு தவிர ஒன்றும் இல்லை. அவள் ரத்தம் என் சட்டையில் ஒட்டியது. நான் அவள் கையைத் தள்ளிவிட்டேன்.

பால் ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று எங்களை ஆலங்காயத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கே அம்மாவுக்குத் தையல் போட்டார்கள், அப்பாவின் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டார்கள். பிறகு பஸ். பஸ்ஸில் அம்மா என்னை மடிக்கு இழுத்தாள். நான் போகவில்லை. ஜன்னலோரம் போய் ஒட்டிக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் எனக்குப் பக்கத்தில், தணிந்த குரலில், ஆம்பூர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்கள். தண்ணீர் வேண்டுமா என்று அப்பா கேட்டார், வேண்டாம் என்று அம்மா சொன்னாள். அதை யாரும் என்னிடம் கொடுத்து அனுப்பவில்லை.

எனக்கு அப்போது விளங்கியது ஒன்றுதான். இவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் இனி ஆள் தேவையில்லை. அதனால்தான் என்னை வெளியே போட்டுவிட்டு, அவர்கள் இரண்டு பேர் மட்டும் காரில் போயிருக்கிறார்கள். இதை நான் நெடுநாள் மனதுக்குள் வைத்திருந்தேன். அம்மாவிடம் கேட்டதே இல்லை.

அந்தக் கதவு எவ்வளவு இறுக்கம் என்று எனக்குத் தெரியும். காற்றடித்தால் சாத்திக்கொள்ளாது, வளைவில் திரும்பினால் சாத்திக்கொள்ளாது. உள்ளே இருக்கிறவர் இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். அது சாத்திக்கொண்டதைக் கொள்ளுக் குவியலில் கிடந்தபடி என் கண்ணால் பார்த்தேன். பார்த்தது எதை என்று மட்டும் அந்த வயதில் தெரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மாமா காரை இழுத்துவர ஒரு லாரியைப் பிடித்துக்கொண்டு மலைக்குப் போனார். அம்மா நெற்றியில் தையலோடு பஸ் ஏறி வேலைக்குப் போனாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது.